எனக்கு அனுப்பும் முன் ஹார்டு டிஸ்க்கை இப்படித் தயார் செய்யுங்கள்

திருச்சியில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்த கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பது என் தொழில். கரூர், புதுக்கோட்டை, பெரம்பலூர், தஞ்சாவூர் என்று நாலா பக்கமிருந்தும் ஹார்டு டிஸ்க்குகள் பஸ் பார்சலிலும் கூரியரிலும் வந்து இறங்கும். செருகி உள்ளே பார்த்த உடனேயே அனுப்பியவரின் குணம் தெரிந்துவிடும். சிலருடையதில் அந்த நிமிடமே வேலையைத் தொடங்கலாம். சிலருடையதில் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'மாமா கேமரா', 'இதுதான் கடைசி' என்று வரிசையாக நிற்கும். முகூர்த்தம் எதில், வரவேற்பு எதில் என்று தேடுவதற்கே அரை நாள் போகும். அந்த அரை நாளுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

எடிட்டிங் டிரைவ் விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான். அதைக் கழற்றி, அதுவரை பார்த்திராத வேறொரு கணினியில் செருகினால் புராஜெக்ட் முழுவதும் திறக்க வேண்டும். டைம்லைனில் ஒரு கிளிப்கூடச் சிவப்பாக 'மீடியா ஆஃப்லைன்' என்று நிற்கக் கூடாது. நீங்களே எடுத்து நீங்களே எடிட் செய்பவராக இருந்தாலும் இதே கணக்குதான். லேப்டாப் சர்வீஸுக்குப் போய், நண்பரின் கணினியை இரண்டு நாள் இரவல் வாங்கும்போது தெரியும்.

எவ்வளவு இடம்

கடைக்குப் போகும் முன் பேப்பரில் ஒரு கணக்குப் போடுங்கள். சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற பதிவு முறையில் 4கே, விநாடிக்கு 25 ஃபிரேம், 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. புதிய மாடல்களில் நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட், 4:2:2 வைத்து எடுத்தால் அது 140 மெகாபிட். மணிக்கு 63 ஜிபி ஆகிவிடும்.

முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். மேடைக்கு எதிரே முக்காலியில் நிற்கும் கேமரா எட்டு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. கையில் சுற்றும் இரண்டு கேமராக்கள் தலா மூன்று மணி நேரம் என்றால் 270. டிரோன், ஜிம்பல், மணப்பெண்ணின் தோழி செல்போனில் எடுத்துவிட்டு 'இதையும் சேர்த்துவிடுங்கள் அண்ணா' என்று கொடுத்தது எல்லாம் சேர்ந்து 40. ஆக 670 ஜிபி. இதற்கு 1080 அளவில் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய இலகுவான சின்ன நகல், செய்தால், புரோரெஸ் ப்ராக்ஸி வகையில் மணிக்கு 17 ஜிபி வீதம் இன்னொரு 240. பாட்டு, டைட்டில், முடித்த வீடியோக்கள் எல்லாம் ஏறினால் 1 டிபி டிரைவ் விளிம்புவரை வந்துவிடும்.

விளிம்புவரை நிரப்புவது எந்த டிரைவுக்கும் ஆகாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் தட்டின் வெளிவட்டத்தில் வேகம் அதிகம், உள்வட்டத்தில் ஏறக்குறைய பாதி. நிரம்ப நிரம்பப் புதிய ஃபைல்கள் உள்வட்டத்துக்குப் போகும். சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் பதியும் எஸ்எஸ்டியில் காலி இடம் குறைந்தால் எழுதும் வேகம் சரியும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். அப்படிப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கு 2 டிபி எஸ்எஸ்டி சௌகரியம். அதைவிடக் குறைந்தால் கழுத்தைப் பிடிக்கும். 1 டிபி டிரைவ் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. இடம் எங்கும் போகவில்லை.

எந்த டிரைவ்

உள்ளங்கையில் அடங்கும் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்தான் எனக்கு அதிகம் வருகிறது. விலை மலிவு, தனி மின்சாரம் வேண்டாம். விநாடிக்கு 100 முதல் 140 மெகாபைட் வரை தரும். மூன்று கேமராக் காட்சிகளையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும் மல்டிகேமுக்கு 37.5 மெகாபைட் போதுமே, அப்புறம் ஏன் திணறுகிறது என்று கேட்பார்கள். அந்த 120, 130 எல்லாம் ஒரே பெரிய ஃபைலை நேராகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம். மல்டிகேமில் டிஸ்க்கின் முள் முதல் கேமராவின் ஃபைலுக்கு ஓடி, அங்கிருந்து இரண்டாவதற்கு, மூன்றாவதற்கு, பிறகு நாதஸ்வர ஒலியைத் தனியாகப் பதிந்த ஃபைலுக்கு என்று விநாடிக்குப் பல தடவை அலைய வேண்டும். படிக்கும் நேரத்தைவிட ஓடும் நேரம் அதிகமாகிவிடுகிறது.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. இன்றைய போர்ட்டபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை, தடங்களை ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை. ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். காலி டிஸ்க்கில் ஒரே மூச்சாகக் காப்பி செய்யும்போது இது தெரியாது. அழித்து, எழுதி, அழித்து, எழுதி ஆறு மாதம் போன பிறகு காப்பி வேகம் திடீரென்று 20, 30 மெகாபைட்டுக்கு விழும். பத்திரப்படுத்தி வைக்க இந்த வகை பரவாயில்லை. இதன் மேல் எடிட் செய்யாதீர்கள்.

ஆகவே என் தீர்ப்பு: வேலைக்கு எஸ்எஸ்டி, பேக்கப்புக்கும் சேமிப்புக்கும் ஹார்டு டிஸ்க். பட்ஜெட் இடிக்கிறது என்றால், 7,200 சுற்று வேகமுள்ள 3.5 அங்குல மேசை டிரைவ் ஒன்றில் ப்ராக்ஸியை வைத்து வேலை செய்யலாம். 180 மெகாபைட்டுக்கு மேல் தரும், மெல்ல நகரும் ஆனால் நகரும்.

எஸ்எஸ்டி பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வேகத்தை அப்படியே நம்ப வேண்டாம். 1,050 என்று போட்டிருந்தால் அதற்கு 10 கிகாபிட் யூஎஸ்பி துளை வேண்டும். 5 கிகாபிட் துளையில் 400 சொச்சம்தான். 2,000 என்று போட்டவை 20 கிகாபிட் கேட்கும் வகை. பெரும்பாலான மேக் கணினிகள் அந்த வகையை ஆதரிப்பதில்லை; அங்கே பாதி வேகத்தில்தான் ஓடும். அதிகக் காசு கொடுக்கும் முன் உங்கள் கணினியில் என்ன துளை இருக்கிறது என்று பாருங்கள். மலிவான எஸ்எஸ்டிகள் முதல் கொஞ்சம் ஜிபிக்கு மட்டும் பறந்து, உள்ளே இருக்கும் வேகமான பகுதி நிரம்பியதும் சுழலும் டிஸ்க்கைவிடக் கீழே போவதும் உண்டு. வாங்கிய அன்றே 300 ஜிபியை ஒரே தடவையாகக் காப்பி செய்து, வேகம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பத்து விநாடி ஓடும் சோதனை மென்பொருளில் இது தெரியாது.

இந்தச் செலவுக்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். திணறுவது டிரைவ்தானா? அதிகம் சுருக்கிப் பதியும் எச்.265 வகை ஃபுட்டேஜ் பழைய லேப்டாப்பில் தடுமாறினால், அது பெரும்பாலும் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் பிரித்துப் படிக்க முடியாமல் தடுமாறுவது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து டைம்லைனை ஓட்டுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் டிரைவை மாற்றலாம். டிஸ்க் 10 சதவீதத்தில் இருக்க, பிராசஸர் உச்சியில் நின்றால் ப்ராக்ஸி செய்யுங்கள். எந்த எஸ்எஸ்டியாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு '16 டிபி எஸ்எஸ்டி' என்று இணையத்தில் வருபவை போலி. உள்ளே சின்ன மெமரி சில்லு ஒன்றை ஒட்டி, கணினியிடம் 16 டிபி என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். கொள்ளளவு தாண்டியதும் பழைய ஃபைல்களின் மேலேயே எழுதிக்கொண்டு போகும். திறந்து பார்க்கும்வரை எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் முழு டிரைவையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். எந்தப் புது டிரைவையும் இரவில் இந்தச் சோதனையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

கேபிள்

டிரைவோடு வந்த கேபிளை டிரைவோடு கட்டி வையுங்கள். செல்போன் சார்ஜர் கேபிளும் அதே டைப்-சி முனையோடுதான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் யூஎஸ்பி 2 கம்பிகள் மட்டுமே. விநாடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டாது. மேலே சொன்ன 670 ஜிபியை அதில் ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும். 'டிரைவ் மந்தம்' என்று என்னிடம் வந்த புகார்களில் பாதிக்கு மருந்து கேபிளை மாற்றியதுதான். தனி மின்சாரம் இல்லாத சின்ன யூஎஸ்பி ஹப்பில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைச் செருகினால் இரண்டும் தட்டுத் தடுமாறி நின்று நின்று வரும். வேலை டிரைவ் கணினியின் துளையில் நேராகப் போகட்டும். ஹப்பில் மவுஸ், கீபோர்டு போதும்.

ஃபார்மட்

கடையிலிருந்து வந்தபடியே பயன்படுத்தாதீர்கள். உள்ளே அந்த நிறுவனம் போட்டு வைத்திருக்கும் மென்பொருள்கள் நமக்குத் தேவையில்லை.

விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட். மேக் மட்டும் என்றால் எஸ்எஸ்டிக்கு ஏபிஎஃப்எஸ். சுழலும் டிஸ்க்குக்குப் பழைய மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட், ஜர்னல்டு. ஏபிஎஃப்எஸ் எஸ்எஸ்டிக்காக வடிவமைக்கப்பட்டது, சுழலும் டிஸ்க்கில் போகப் போகத் தளரும். மேக்கின் டிஸ்க் யூட்டிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' தேர்ந்து, உள்ளே இருக்கும் பகுதியை விட்டு மேலே இருக்கும் டிரைவின் பெயரையே தேர்ந்து அழியுங்கள். பகுப்பு முறை மேக்கில் ஜியூஐடி, விண்டோஸில் ஜிபிடி. பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் எட்டாது.

இரண்டு பக்கமும் போக வேண்டிய டிரைவுக்கு எக்ஸ்-ஃபேட். என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், தானாக எழுதாது. ஏபிஎஃப்எஸ் டிரைவை விண்டோஸ் கண்ணாலேயே பார்க்காமல் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' என்று அழுத்தினால் ஒரு குடும்பத்தின் கல்யாணம் போய்விடும். எக்ஸ்-ஃபேட்டில் இந்தத் தகராறு இல்லை. ஆனால் அதற்கு ஜர்னல் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் பிடுங்கப்பட்டால், பாதியில் நின்ற வேலையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் குறிப்பேடு அதனிடம் இல்லை. ஃபோல்டரே காணாமல் போவது இதில்தான். ஆகவே கைமாற்றும் டிரைவுக்கு மட்டும் எக்ஸ்-ஃபேட் வையுங்கள். அன்றாடம் எடிட் செய்யும் டிரைவ் உங்கள் கணினிக்கு உரிய ஃபார்மட்டில் இருக்கட்டும். மேக்கில் ஃபைனல் கட் புரோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது. லைப்ரரியை மேக் ஃபார்மட்டில்தான் வைக்க வேண்டும். எக்ஸ்-ஃபேட்டை விண்டோஸிலேயே ஃபார்மட் செய்தால் இரண்டு இடத்திலும் வம்பில்லாமல் திறக்கும்.

பெயரும் எழுத்தும்

டிரைவுக்கு ஒரு பெயர் வையுங்கள், அதே பெயரை வெளியே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். மேக்கில் ஃபைல்களின் முகவரியே டிரைவின் பெயரை வைத்துத்தான். ஒரே பெயரில் இரண்டு டிரைவ்களைச் செருகினால் இரண்டாவதன் முகவரியில் '1' என்று ஒட்டிக்கொண்டு, இணைப்பு எல்லாம் அறுந்துவிடும்.

விண்டோஸில் ஃபைலின் முகவரி, டிரைவுக்குக் கிடைக்கும் ஆங்கில எழுத்தை வைத்து. இன்று 'ஈ' எழுத்தில் திறந்த டிரைவ், நாளை பென் டிரைவ் ஒன்று முதலில் செருகப்பட்டிருந்தால் 'எஃப்' ஆகிவிடும். மொத்த டைம்லைனும் சிவக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை நிரந்தரமாகக் கொடுங்கள். என் வேலை டிரைவுகளுக்கு 'வி', பேக்கப்புக்கு 'டபிள்யூ'. அந்த எழுத்தையும் ஸ்டிக்கரில் எழுதுங்கள். வாங்கிக்கொள்பவர் தன் கணினியிலும் அதே எழுத்தைக் கொடுத்துவிட்டால் அறுந்த கிளிப்புகளைத் தேடி மறுபடி இணைக்கும் ரீலிங்க் என்ற தலைவலியே இல்லை.

ஃபோல்டர்கள்

ஃபோல்டர் பெயர்கள் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றில் மட்டும் இருக்கட்டும். தமிழில் எழுத எனக்கும் ஆசைதான். சில பிளக்இன்கள் தமிழ்ப் பெயரைக் கண்டால் மிரள்கின்றன. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போடுங்கள், தானாக வரிசைப்படும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போகாதீர்கள், விண்டோஸில் பல மென்பொருள்கள் 260 எழுத்துக்கு மேல் போகும் முகவரியைத் திறக்க மறுக்கும்.

ஒரு கல்யாணத்துக்கு ஒரு தாய் ஃபோல்டர். அதற்குள் எண்ணிட்டு ஏழு: 01 புராஜெக்ட் ஃபைல்கள், 02 ஃபுட்டேஜ், 03 ஒலி, 04 பாட்டு, 05 படங்களும் டைட்டிலும் எழுத்துருவும், 06 ப்ராக்ஸி, 07 முடிந்தவை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிதாக உருவாக்காமல், காலியாக ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு அதைக் காப்பி எடுங்கள்.

ஐந்தாவது ஃபோல்டரில் எழுத்துரு என்று எழுதியதை ஒரு முறை கவனியுங்கள். மணமக்கள் பெயரைப் போட இன்னும் பலர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறார்கள். அவை யூனிகோடு அல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணப்பெண்ணின் பெயர் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். எழுத்துரு ஃபைலையும் டிரைவிலேயே போட்டு அனுப்புங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாறுங்கள். நிறத்தை மாற்ற உதவும் லட் ஃபைல்கள், ஸ்டூடியோ லோகோ எல்லாவற்றுக்கும் இதே விதி. டெஸ்க்டாப்பிலிருந்தோ 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலிருந்தோ எதையும் டைம்லைனுக்கு இழுக்காதீர்கள். முதலில் டிரைவுக்கு, பிறகு டைம்லைனுக்கு.

கார்டிலிருந்து காப்பி

இதில்தான் அதிகம் சொதப்பல் நடக்கிறது. கார்டைத் திறந்து, வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே ஃபோல்டரில் கொட்டுவது பலரின் பழக்கம். சோனி கேமரா ஒவ்வொன்றும் தன் முதல் கிளிப்புக்கு சி0001 என்றே பெயர் வைக்கும். மூன்று கேமரா, தலா இரண்டு கார்டு என்றால் ஆறு சி0001 வரலாம். ஒரே ஃபோல்டரில் கொட்டும்போது 'ரீப்ளேஸ் செய்யவா?' என்று கணினி கேட்கும். இரவு ஒரு மணி அசதியில் 'ஆம்' என்று அழுத்தினால் தாலி கட்டிய கிளிப்பின் மேல் பந்தி பரிமாறும் கிளிப் வந்து உட்காரும். தனித்தனி ஃபோல்டரில் இருந்தாலும், பின்னால் ரீலிங்க் செய்யும்போது பெயரை வைத்துத் தேடும் மென்பொருள் தவறான சி0001ஐ இழுத்து வந்துவிடக்கூடும்.

ஆகவே கேமராவுக்கு ஓர் எழுத்து, கார்டுக்கு ஓர் எண்: ஏ01, ஏ02, பி01, சி01, டிரோனுக்கு டி01. ஒவ்வொரு கார்டுக்கும் அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் கார்டில் இருக்கும் அத்தனையையும், 'பிரைவேட்', 'எம்4ரூட்' என்று புரியாத பெயரில் இருப்பவற்றையும் சேர்த்து, அப்படியே காப்பி செய்யுங்கள். கிளிப்போடு இருக்கும் சின்னக் குறிப்பு ஃபைல்களில் கேமராவின் விவரங்கள் இருக்கின்றன. இடம் கிலோபைட் கணக்கில்தான். புதிய சோனி மாடல்கள் சிலவற்றில் ஃபைல் பெயருக்கு முன்னால் நம் சொல் ஒன்றைச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் கேமராவின் எழுத்தை வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இழுத்து விடும் சாதாரணக் காப்பியை நான் நம்புவதில்லை. அது எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் மீடியா பக்கத்தில் 'க்ளோன் டூல்' இருக்கிறது. இலவசப் பதிப்பிலும் உண்டு. ஒரே கார்டை ஒரே நேரத்தில் இரண்டு டிரைவுக்குக் காப்பி செய்து, செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், வைத்து ஒப்பிட்டும் கொடுக்கும். விண்டோஸில் டெராகாப்பியில் 'வெரிஃபை'யை இயக்கினாலும் சரி. இரண்டு டிரைவில் சரிபார்த்த நகல் இருக்கும்வரை கார்டைத் தொடாதீர்கள். பிறகு கார்டை அழிப்பதானால் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம்.

மென்பொருளில் மாற்ற வேண்டியவை

ரிசால்வில் பலருக்குத் தெரியாத ஒன்று: புராஜெக்ட் ஒரு ஃபைலாக ஃபோல்டரில் உட்காருவதில்லை. அது கணினிக்குள் இருக்கும் புராஜெக்ட் லைப்ரரியில் இருக்கிறது. ஃபுட்டேஜை மட்டும் அனுப்பிவிட்டு 'எடிட் பண்ணியது எங்கே?' என்று கேட்டால் அது கரூரிலேயே இருக்கும். புராஜெக்ட் மேனேஜரில் புதிய லைப்ரரி ஒன்றை வெளி டிரைவிலேயே உருவாக்கலாம். அல்லது தினமும் வேலை முடிந்ததும் புராஜெக்டை 'எக்ஸ்போர்ட்' செய்து 01 ஃபோல்டரில் தேதியோடு போடலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பழைய நாளுக்குத் திரும்பிப் போக வழி இருக்கிறது.

பிறகு புராஜெக்ட் செட்டிங்ஸில் 'ஒர்க்கிங் ஃபோல்டர்ஸ்' பகுதி. ப்ராக்ஸி போகும் இடத்தை 06க்கு மாற்றுங்கள். மென்பொருள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷ் போகும் இடத்தைக் கணினிக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். ப்ராக்ஸி செய்ய மணிக்கணக்கில் ஆகும், அது டிரைவோடு பயணம் செய்ய வேண்டும். கேஷ் எந்தக் கணினியிலும் தானாகத் திரும்ப உருவாகும். அதைச் சுமந்து அலைய வேண்டியதில்லை. கணினிக்குள் இடமே இல்லை என்றால் மட்டும் கேஷும் வெளி டிரைவில், தனி ஃபோல்டரில்.

பிரீமியரில் புராஜெக்ட் ஃபைலை 01இல் சேமித்து, ஸ்கிராட்ச் டிஸ்க்குகளை 'சேம் அஸ் புராஜெக்ட்' என்று விடுங்கள். மீடியா கேஷ் சொல்லாமல் கொள்ளாமல் சி டிரைவில் சேர்ந்துகொண்டே போகும். பிரிஃபரன்சஸில் போய்ப் பழையதைத் தானாக அழிக்கும்படி வையுங்கள்.

விண்டோஸில் டிரைவின் ப்ராபர்ட்டீஸில் 'பாலிசீஸ்' என்று ஒரு தாவல் உண்டு. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து அது 'குவிக் ரிமூவல்' என்றே வருகிறது. அதை 'பெட்டர் பெர்ஃபாமன்ஸ்' என்று மாற்றினால் எழுதும் வேகம் கூடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் முறையாக 'இஜெக்ட்' செய்துதான் கழற்ற வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மாற்ற வேண்டாம். தேடலுக்காக விண்டோஸும் மேக்கும் டிரைவை ஓயாமல் துழாவுவதை, அந்த டிரைவுக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள்.

பேக்கப்

வேலை டிரைவ் ஒன்று, அதன் நகல் ஒன்று. நகல் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில். ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் தினமும் இரவு ஓடட்டும். ஆனால் அதில் 'மிரர்' முறை வைத்தால், நீங்கள் தவறுதலாக அழித்ததை நகலிலும் விசுவாசமாக அழித்துவிடும். 'அப்டேட்' முறை வையுங்கள். அல்லது அழிபவை தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்யுங்கள். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்: ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், உங்கள் கை தவறினால் காப்பாற்றாது.

மூன்றாவது நகலுக்கு கிளவுட் என்பார்கள். விநாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் 670 ஜிபியை ஏற்ற 30 மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த கல்யாணம் வந்துவிடும். புராஜெக்ட் ஃபைலை மட்டும் தினமும் ஏற்றுங்கள், சில மெகாபைட்தான். மாதக்கணக்கான வேலை அதில் இருக்கிறது.

வெயில், மின்தடை, பஸ்

பல போர்ட்டபிள் டிரைவ்களின் விவரக்குறிப்பில் 35 டிகிரி வரைதான் இயங்கும் சூழல் என்று போட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் திருச்சி 40ஐத் தாண்டும். ஏசி இல்லாத அறையில் டிரைவை லேப்டாப்பின் சூடான காற்று வரும் பக்கத்தில் வைக்காதீர்கள், துணிமேல் வைக்காதீர்கள். எஸ்எஸ்டி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய காப்பி நடக்கும்போது ஒரு சின்ன மின்விசிறி போதும்.

3.5 அங்குல டிரைவ் தனி அடாப்டரில் ஓடும். மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் நிம்மதியாக இருக்கும், டிரைவ் செத்துவிடும், அதுவும் எழுதும் நடுவில். யூபிஎஸ்ஸில் மானிட்டருக்கு முன்னால் அதற்கு இடம் கொடுங்கள்.

பார்சலில் அனுப்புவதானால் டிரைவை உறையோடு, சுற்றிலும் பபிள் ராப் வைத்து, அட்டைப் பெட்டியில் ஆடாமல் வையுங்கள். துணிக்கடைப் பையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்து அனுப்பிய டிஸ்க்குகளும் எனக்கு வந்திருக்கின்றன. சுழலும் டிஸ்க்காக இருந்தால் கழற்றிய உடனே தூக்காதீர்கள். தட்டு நிற்கச் சில விநாடிகள் கொடுங்கள். அனுப்பும் டிரைவ் எப்போதும் நகலாக இருக்கட்டும், உங்களிடம் ஒன்று இருக்கும்போதுதான் பஸ் ஏற்ற வேண்டும்.

அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனை. டிரைவை வேறு கணினியில் செருகி, புராஜெக்டைத் திறந்து, டைம்லைனை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கண்ணால் ஓட்டுங்கள். ஏதாவது சிவந்தால் அது உங்கள் கணினிக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. தேடி எடுத்து அதனுடைய ஃபோல்டரில் போட்டு, மறுபடி இணையுங்கள்.

முடிந்த பிறகு

ஆடியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதம் நான் டிரைவ்களைக் கணக்கெடுக்கிறேன். டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஒவ்வொன்றையும் பார்ப்பேன். டிஸ்க்கில் கெட்டுப்போகும் பகுதிகளைக் குறிக்கும் 'ரீஅலொகேட்டட்' அல்லது 'பெண்டிங் செக்டர்' எண் பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கியிருந்தால் அந்த டிஸ்க்கில் இருப்பதை அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிடுவேன். 'சிஆர்சி எர்ரர்' மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. ஆல்பம் கொடுத்து, பணம் வாங்கி முடித்த கல்யாணங்களில் ப்ராக்ஸியையும் கேஷையும் அழித்து, மீதியைச் சுழலும் டிஸ்க்குக்கு மாற்றுவேன். எஸ்எஸ்டியில் போட்டு வருடக்கணக்கில் அலமாரியில் வைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் உள்ள பதிவு மெல்ல மங்கிவிடக்கூடும். அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்க்குகளையும் ஆடிக்கு ஒரு முறை செருகி, சுழலவிட்டு, சில ஃபைல்களைத் திறந்து பார்க்கிறேன்.

இந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். முன்பணம் வாங்கும்போதே ரசீதில் இரண்டு வரி எழுதுங்கள்: வீடியோ கொடுத்து ஆறு மாதம்வரைதான் மூல ஃபுட்டேஜ் எங்களிடம் இருக்கும், அதற்கு மேல் வேண்டுமானால் ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க்கை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தனித்தனியாகக் கேட்பார்கள். அதனால் 'ஒன்று' என்பதை எழுத்திலும் எண்ணிலும் போடுங்கள்.